ஆடி மாதத்தில் ஒரு வேலைவாய்ப்பு முகாம்

— சத்தியமா சொல்றேம்மா. இந்த மேடையில இதுவரைக்கும் தாலி கட்டிகினு போன அத்தினி ஜோடி மேலயும் சத்தியம். நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யின்னா, இங்க எரியற ஓமகுண்டத்துல என் கைய வைக்கிறேன்.

— ஆடி மாசம் சார் இது. ஆவணி பொறக்கற வரைக்கும் இங்க ஓமகுண்டமே எரியாது.

— அந்த தைரியத்துலதானே வைக்கிறேன்றேன். ஆடியில கல்யாணம் கிடையாது, செங்கல்பட்டுல அத்தினி மண்டபமும் காலியா கீது. காலியா கீற மண்டபத்துல, காலியா கீற ஜனங்கள கூப்புட்டு, வேலைவாய்ப்பு முகாம்னு வச்சிருக்காங்க. உன் டோக்கன் இன்னா நம்பரு?

— நாப்பத்தி ஏழு.

— எனுது நாப்பத்தாறு. அப்ப நான் உள்ள போயிட்டு வந்தா அடுத்தது நீ. பேரு இன்னாம்மா?

— பிரபாவதி.

— நான் சடையப்பன். மதுராந்தகம் பக்கம். வயசு அறுவத்திரெண்டு. பயோடேட்டாவுல நாப்பத்தொம்பது.

— மிச்சம் பதிமூணு வருஷம் எங்க சார் போச்சு?

— வேலை இல்லாம குந்திகினு இருந்தேன். வேலை இல்லாத வருஷத்த வயசுல சேக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் கீது. படிச்சவங்களுக்கே தெரியறதில்ல.

— சரி விடுங்க. அந்தக் கணக்குப்படி பாத்தா எனக்கு ஒண்ணேகால் வயசு குறையும்.

— டோக்கன் முப்பது! முப்பது யாருப்பா? ஃபைல எடுத்துகினு ஜல்தியா வா! நேரா மணமகள் அறை! டைம் இல்ல, டைம் இல்ல!

— அந்த மைக்குக்காரர்தான் ஏசுதாஸு. பேட்ஜுல பேரு போட்டிருக்கு பாரு. அவரு குரலு கேட்டா, உள்ள நூறு வேலைய அடுக்கி வச்சிருக்காங்க, வாங்கத்தான் ஆளு இல்லன்னு தோணும்.

— மணமகள் அறையிலயா இன்டர்வியூ எடுக்கறாங்க?

— வேற எங்க எடுப்பாங்க? பொண்ணு பாக்கற மாதிரிதானே இதுவும். உக்கார வைப்பாங்க, மேலேர்ந்து கீழ வரைக்கும் பாப்பாங்க, இன்னா தெரியும்னு கேப்பாங்க. அப்பால, வூட்டுக்கு போயி தகவல் சொல்றோம்பாங்க. நீ இன்னா வேலைக்கு வந்துகீற?

— போஸ்டர்ல சிறுசேரி ஆபீஸ், பேரோல் எக்ஸிக்யூட்டிவ்னு போட்டிருந்தது. அதேதான் நான் பாத்துட்டிருந்தது. நாலாயிரம் பேருக்கு மாசாமாசம் சம்பளக் கணக்கு போடுவேன். பதினாலு வருஷம்.

— இப்ப அந்த நாலாயிரம் பேருக்கு யாரு போடறா?

— ஒரு சாஃப்ட்வேர் போடுது. எந்த லீவுக்கு எவ்வளவு பிடிக்கணும், யாருக்கு எந்தப் படி உண்டுன்னு ஆறு மாசம் அதுக்கு நான்தான் கூட உக்காந்து சொல்லிக் கொடுத்தேன்.

— நல்லா கத்துகினுதா?

— என்னை விட நல்லா. அது முதமுதல்ல தனியா போட்ட கணக்கு, என்னை வேலைய விட்டு அனுப்பின செட்டில்மென்ட்தான். ஒரு தப்பு கிடையாது.

— டீச்சர் வேலைக்கு போயிருக்கணும் நீ.

— அதையும் பாத்துட்டேன் சார். பி.எட். கேக்கறாங்க. இந்தப் பதினஞ்சு மாசத்துல முன்னூத்தி பதினோரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன். நாலு பேர் பதில் எழுதினாங்க. அதுல மூணு, நம்ம பயோடேட்டாவ மெஷினே படிச்சு மெஷினே எழுதற பதில். ராத்திரி ரெண்டு மணி பதினாலு நிமிஷத்துக்கு வருது. மனுஷன் அந்த நேரத்துக்கு யாரையும் வேண்டாம்னு சொல்ல மாட்டான்.

— அந்த நாலாவது?

— அது வேற ஒரு பிரபாவதிக்கு வந்தது. அவங்களுக்கும் வேலை இல்லையாம்.

— டோக்கன் முப்பத்தி ஒண்ணு! முப்பத்தி ரெண்டு ரெடியா நில்லு!

— நீ நம்பரு தப்பா எழுதுறம்மா. அதான் ஆவல.

— எந்த நம்பர்?

— அனுபவம் எத்தினி வருஷம்னு எழுதியிருக்க?

— பதினாலு.

— பாத்தியா. பதினாலுன்னா எவன் நம்புவான்? கேளு. வேடந்தாங்கல்ல ஒருவாட்டி பறவை எண்றதுக்கு ஆளு எடுத்தாங்க. நாலு பேரு போனோம். ஏரிய காட்டி, எத்தினி பறவை கீது சொல்லுன்னாரு ஆபீசரு. மொத ஆளு பத்தாயிரம்னான். போடான்ட்டாரு. ரெண்டாவது ஆளு பன்னெண்டாயிரம். அவனையும் போடான்ட்டாரு. மூணாவதா பக்தவத்சலம்னு ஒரு எம்.எஸ்.சி., எண்ணி முடிக்க மூணு நாளு டைம் வேணும்னான். நான் ஒரு பார்வை பாத்தேன். பதினோராயிரத்து நானூத்தி ஆறரை சார்னேன்.

— ஆறரையா?

— அவரும் அதான் கேட்டாரு. அரை இன்னாய்யான்னு. ஒண்ணு ஊருக்கு கிளம்பலாமா வேணாமான்னு யோசிச்சிகினு கீது சார், பாதிதான் இங்க கீதுன்னேன். அன்னிக்கே ஆர்டர் குடுத்துட்டாரு.

— சத்தியமாவா?

— மேடைய காட்டித்தானே ஆரம்பிச்சேன். நீ பதினாலேகால்னு போடு. அந்தக் கால்தான்மா உனக்கு வேலை வாங்கிக் குடுக்கும்.

— அந்தப் பறவை வேலைய ஏன் விட்டீங்க?

— சீசன் முடிஞ்சுது. பறவை எல்லாம் போயிடுச்சு. எண்ணினேன், சைபர் வந்துது. அதையும் அரை சேத்து சொல்லிப் பாத்தேன், எடுபடல.

— டைம் இப்ப என்ன சார்? என் போன்ல சார்ஜ் கம்மியா இருக்கு, அணைச்சு வச்சிருக்கேன்.

— பத்தே முக்கா. எங்கயாவது போவணுமா?

— பதினொன்னே முக்காலுக்கு மாமல்லபுரம் பஸ் இருக்கு. திருக்கழுக்குன்றம் வழியா. அதைப் பிடிச்சா ஒரு மணிக்குள்ள போய் நின்னுடலாம். அதுக்கு முன்னாடி இங்க கூப்பிட்டுட்டாங்கன்னா பாத்துட்டுப் போகலாம்னுதான் உக்காந்திருக்கேன்.

— மாமல்லபுரத்துல இன்னா?

— ஒரு கெஸ்ட் ஹவுஸ். ஜாக்குலின்னு ஒரு மேடம் நடத்தறாங்க. வெளிநாட்டுக்காரங்க வந்து தங்கற இடம். வர்றவங்க பேரு பதியறது, ரூம் சாவி கொடுக்கறது, போன் எடுக்கறது. ஆள் வேணும்னாங்க. போய்ப் பாத்தேன், உடனே சரின்னுட்டாங்க.

— உடனேவா? அப்ப வேலை கெடச்சாச்சே!

— கிடைச்சது. ஆடி முதல் தேதி அன்னிக்கு கிடைச்சது.

— அய்யய்ய.

— ஆமா. எங்க மாமியார், ஆடியில போய் யாராவது புது இடத்துல கையெழுத்து போடுவாங்களான்னுட்டாங்க. ஆவணி ஒண்ணுல சேரு, விளங்கும்னாங்க. நானும், மேடம், எங்க வழக்கம் இப்படி, ஒரு மாசம் பொறுத்துக்கங்கன்னு கேட்டேன்.

— அவங்க சர்ச்சுக்கு போற வேதக்காரங்களாச்சே. ஆடியாவது ஆவணியாவது?

— சிரிச்சாங்க. நீங்க ஒரு மாசம் நல்ல நேரம் பாருங்க, அதுவரைக்கும் என் கெஸ்ட்டுக்கு யார் சாவி குடுக்கறதுன்னாங்க. ஆனா வச்சிருந்தாங்க சார், இத்தனை நாள் எனக்காக வச்சிருந்தாங்க. நேத்து போன் பண்ணி, இன்னொரு பொண்ணு கேக்குது, நாளைக்கு ஒரு மணி வரைக்கும் பாப்பேன், வந்து கையெழுத்து போட்டா உங்களுக்கு, இல்லைன்னா அந்தப் பொண்ணுக்குன்னு சொல்லிட்டாங்க.

— மாமியாரு இப்ப இன்னா சொல்லுது?

— இப்ப யாரும் எதுவும் சொல்றதில்ல. வீட்டுக்காரர் கம்பெனியும் மூடிட்டாங்க. மணப்பாறையில அவர் அண்ணன் கடையில போய் நிக்கறார். வர்ற திங்கட்கிழமைக்குள்ள எனக்கு இங்க ஒரு வேலை அமையலன்னா நாங்களும் மூட்டையக் கட்டிட்டு அங்க போகணும். பொண்ணு பன்னெண்டாவது படிக்குது. நடுவுல டி.சி. வாங்கினா எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துப்பாங்க? டாக்டராகணும்னு சுவத்துல எழுதி ஒட்டி வச்சிருக்கு. நேத்து அதை உரிச்சு எடுத்து, மடிச்சு, பைக்குள்ள வச்சிட்டிருந்தது. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

— பேரு இன்னா பொண்ணுக்கு?

— வைஷாலி.

— டோக்கன் முப்பத்தி நாலு! யோவ், சட்டைய உள்ள விட்டுகினு போய்யா! டைம் இல்ல!

— என்ன சார், டோக்கனையே திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க?

— நம்பரு பாத்தேன். சாவி குடுக்கற வேலையில பிரச்சனை இன்னான்னா, உன் பயோடேட்டாவுல பதினஞ்சு மாசம் ஓட்டை கீது பாரு. அத எப்படி அடைச்சிருக்க?

— அடைக்கல. இடைவெளின்னு எழுதியிருக்கேன். உண்மை அதானே.

— உண்மைய எழுதினா எவன் குடுப்பான்? எனக்கு ஒருவாட்டி ஆறு வருஷ ஓட்டை. கேட்டான், ஆறு வருஷம் இன்னா பண்ணன்னு. மாமல்லபுரத்துல அந்த உருண்டைக் கல்லு சரிவுல நிக்குதே, அது உருளாம பாத்துகினு இருந்தேன் சார்னேன்.

— யாராவது நம்புவாங்களா?

— கேளும்மா. நம்பலதான். ஏன்யா, அது ஆயிரம் வருஷத்துக்கு மேல அங்கயே நிக்குதேன்னான். சரி சார், நான் இருந்த ஆறு வருஷத்துல உருண்டுச்சான்னேன். இல்லன்னான். அப்ப என் வேலைய நான் ஒழுங்கா பாத்தேனா இல்லியான்னேன்.

— சிரிச்சுட்டேன் பாருங்க. சிரிச்சு ரொம்ப நாளாச்சு.

— சிரிக்காத, ஆறு வருஷ அனுபவ சர்டிபிகேட்டு குடுத்தாங்க. சும்மா கீறதையும் ஒரு வேலையா எழுதத் தெரியணும். வூட்ல சும்மா உக்காந்தா சம்பூர்ணம் திட்டும். சம்பூர்ணம்றது என் சம்சாரம். வெளிய போயி சும்மா உக்காந்தா ஒண்ணும் சொல்லாது. ரெண்டும் உக்கார்றதுதான். ஆனா எங்க உக்கார்றோம்னு ஒண்ணு கீது பாரு.

— டோக்கன் முப்பத்தி எட்டு!

— சார், ஒரு சந்தேகம். உள்ள போறவங்க எல்லாம் சீக்கிரமா வந்துடறாங்களே. இப்ப போன நீலச் சட்டை ரெண்டு நிமிஷம் கூட ஆகல. வந்து மறுபடியும் அதே நாற்காலியில உக்காந்திருக்கார்.

— ரெண்டாவது ரவுண்டுக்கு வெயிட் பண்றாரு.

— ரெண்டாவது ரவுண்ட் வேற இருக்கா?

— பெரிய கம்பெனின்னா இருக்காதா? சிறுசேரியில எனக்கு ஏழு ரவுண்டு வச்சாங்க. ஆறு தாண்டிட்டேன். ஏழாவது ரவுண்டுல, ரூமு கதவ தெறந்து உள்ள போறேன், மேசைக்கு ரெண்டு பக்கமும் நாற்காலி. ஏ.சி. எந்தப் பக்கம் நல்லா வருதோ அங்க உக்காந்தேன். அது கேள்வி கேக்கறவரு நாற்காலி. எனக்கு தெரியல. ஒரு பையன் வந்தான், குட்மார்னிங் சார்னான். சரி, மரியாதையான புள்ளைன்னு, உக்காருப்பான்னேன். அவன் பாட்டுக்கு அவன் கதைய சொல்லிகினே போறான். முடிச்சப்போ, சரி, வூட்டுக்கு போயி தகவல் சொல்றேன்னேன். அடுத்த ஆளு வந்துது. மத்தியானம் வரைக்கும் பதினாலு பேர இன்டர்வியூ பண்ணி, மூணு பேர எடுத்துட்டேன்.

— யாரும் வந்து எழுப்பலயா?

— நடுவுல ஒரு அம்மா வந்து காப்பி வச்சிட்டு போச்சு. அந்த மூணு பேரும் இன்னிக்கும் அங்க மேனேஜரா கீறாங்க. நல்லா வேலை செய்யறாங்களாம்.

— உங்களுக்கு என்ன ஆச்சு?

— கடைசியா என் ஃபைலு வந்துது. மேசை மேல தெறந்து வச்சு பாத்தேன். வயசு ஜாஸ்தி, படிப்பு கம்மி, ஆறு வருஷம் கல்லு பாத்துகினு இருந்திருக்கான். வேணாம்னு எழுதி கையெழுத்து போட்டுட்டேன்.

— உங்களையே நீங்களா?

— இன்னாம்மா பண்றது? அந்த நாற்காலியில உக்காந்தா அப்படித்தான் தோணுது.

— நாப்பது! டோக்கன் நாப்பது! இன்னாய்யா எல்லாரும் தூங்கறீங்க? டைம் இல்ல!

— மணி என்ன சார்?

— பதினொன்னு இருவத்தஞ்சு.

— இன்னும் ஏழு பேர். ஒருத்தருக்கு மூணு நிமிஷம்னா கூட... நான் கிளம்பிடறேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடக்கணும்.

— ஒரு நிமிஷம்மா. அந்த சாவி குடுக்கற வேலை புடிச்சிருக்கா உனக்கு?

— பிடிக்கறதென்ன சார். பாதி சம்பளம். வீட்டுலேர்ந்து போக வர நாலு மணி நேரம் பஸ்ஸு. இங்க சிறுசேரி கிடைச்சா பழையபடி ஆகிடும், பொண்ணு எதையும் உரிச்சு எடுக்க வேண்டாம். அந்த ஆசையிலதான் வந்தேன். ஆனா அது கையில இருக்கற வேலை.

— அப்ப போ.

— என்ன சார் திடீர்னு?

— போம்மா. சொல்றேன்ல. பன்னெண்டாவது படிக்கிற பொண்ண வச்சிகினு இங்க இன்னாத்துக்கு உக்காந்துகினு கீற? எழுந்திரு. பைய எடு.

— இப்பதானே எனக்கு அடுத்தது நீன்னு உக்கார வச்சீங்க?

— பேசிகினு நிக்காத. அந்தப் பக்கம் சமையல்கட்டு வழியா போனா ரோடு கிட்ட.

— மேடம்! மேடம்! எங்க எழுந்துட்டீங்க? நாப்பத்தி ஏழுதானே நீங்க? உக்காருங்க, அடுத்த ஆறு பேரும் கடகடன்னு முடிஞ்சுடும். பன்னெண்டு மணிக்கு ஐயா வேற வராரு. அண்ணாத்த, சடையப்பண்ணே! பக்கத்துல கீறவங்க எழுந்துக்கறாங்க, பாத்துகினு இருக்க? இன்னா, உடம்பு சரியில்லியா? முடியலன்னா சொல்லு, நாளைக்கு வேற ஆள பாத்துக்கறேன்.

— இல்ல தம்பி. நல்லாத்தான் கீறேன்.

— அப்ப கவனமா இரு. டோக்கன் நாப்பத்தி ஒண்ணு!

— நாளைக்கு வேற ஆளா? என்ன சொல்றார் அவர்?

— அவரு சொல்றது அவருக்கே புரியாது. உக்காரும்மா. எழுந்த காலோட ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டு அப்பால உன் இஷ்டம். துரைன்னு ஒருத்தன், எங்க பக்கத்து ஊரு. இதே மாதிரி முகாம், இதே மாதிரி வரிசை. அவனுது பத்தொம்பது. பதினஞ்சு ஓடிகினு இருக்கும்போது ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்னு எழுந்தான். இடம் புடிச்சு வைக்க, வலது கால் செருப்ப கழட்டி நாற்காலியில வச்சான்.

— ரேஷன் கடையில வைப்பாங்களே, அப்படியா.

— அதேதான். பத்தொம்பதுன்னு கூப்புட்டாங்க. ஆளு இல்ல. செருப்பு கீது. செருப்ப எடுத்துகினு உள்ள போனாங்க. அவசரம், டைம் இல்ல. வேலைய அதுக்கு போட்டு குடுத்துட்டாங்க.

— செருப்புக்கு?

— வலது கால் செருப்புக்கு. மீனம்பாக்கத்துல ஏர்போர்ட்டுல வேலை. போன மாசம்தான் ப்ரோமோஷன் ஆச்சு. எடது கால் செருப்பு இன்னும் துரை வூட்லயே கீது, அதுவும் அவனும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறதில்ல.

— இந்தக் கதையக் கேட்டு நான் உக்காரணுமாக்கும்.

— ஆறு பேரு. ஆறே பேரு. ஒன்றரை மணி நேரம் உக்காந்துட்ட. அந்த ஒன்றரை மணி நேரத்த இங்க வுட்டுட்டு போவியா? நீ எழுந்ததும் நாப்பத்தி எட்டு உள்ள போவும். சிறுசேரியில நீ இருந்த சீட்டுல போயி உக்காரும். வாழ்நாள் பூரா நாப்பத்தி எட்டு மேல உனக்கு வயிறு எரியும்.

— அதைத்தான் சார் நானும் நினைக்கறேன். பஸ் ஸ்டாண்டுல போய் நின்னதும் என் நம்பரக் கூப்பிட்டுட்டா?

— நான் ஒண்ணும் சொல்லல. நீதான் சொல்ற.

— நாப்பத்தி ரெண்டு! சீக்கிரம், சீக்கிரம்!

— பாருங்க, இப்ப வேகமாத்தான் போகுது. அடுத்த பஸ் பன்னெண்டு பத்துக்கு இருக்கு. ஜாக்குலின் மேடத்துக்கு போன் பண்ணி, கால் மணி நேரம் லேட்டாகும்னு சொன்னா பொறுத்துப்பாங்க. ஆடி பூரா பொறுத்தவங்க.

— பொறுத்துப்பாங்க. கடலோரத்துல கீறவங்களுக்கு மனசு பெருசு.

— ஹலோ, மேடம்? பிரபாவதி பேசறேன்... ஆமா மேடம், வந்துட்டேதான் இருக்கேன். ஒரு மணிங்கறது ஒன்னேகால் ஆகும் போல... இல்ல மேடம், கண்டிப்பா. இங்க செங்கல்பட்டுல ஒரு சின்ன வேலை... ஹலோ? ஹலோ? சார்ஜ் போயிடுச்சு.

— இன்னா சொன்னாங்க?

— அந்தப் பொண்ணு வந்து எதுக்க உக்காந்திருக்குன்னாங்க. அதுக்குள்ள அணைஞ்சிடுச்சு.

— நாப்பத்தி மூணு! நாப்பத்தி மூணு உள்ள! மத்தவங்க எல்லாம் அப்படியே இருங்க, ஐயா கார் வந்துடுச்சு! உக்காருங்க, உக்காருங்க! யாரும் எழுந்துக்காதீங்க! கேட்ட சாத்துப்பா!

— கேட்ட ஏன் சாத்தறாங்க?

— போட்டோ எடுக்கணும்ல. நடுவுல எவனாவது போனா தலை மறைக்கும்.

— யார் சார் இந்த ஐயா?

— உதயதாரகை மேன்பவர்னு வெளிய பேனர் பாத்த இல்ல, அதுக்கு முதலாளி. வாசுதேவன். ஊரு ஊரா முகாம் போடறாரு. இத்தினி ஆயிரம் பேரு என் முகாமுக்கு வந்தாங்கன்னு காட்டினாதான் அடுத்த முகாமுக்கு பெரிய எடத்துலேர்ந்து பண உதவி வரும்.

— ஃபைல மடியில வைங்க! கேமராவ பாக்காதீங்க! மேடம், நாப்பத்தி ஏழு, நீங்க முன் வரிசைக்கு வாங்க. படிச்ச மூஞ்சியா முன்னால ஒண்ணு வேணும். கொஞ்சம் நம்பிக்கையா பாருங்க மேடம்.

— நம்பிக்கையான்னா எப்படிப் பாக்கறது?

— கதவு தெறக்கப் போவுதுன்னு நெனச்சிகினு அந்த மணமகள் அறைய பாரும்மா. ஆங். அப்படித்தான்.

— ஒன் மோர்! ஐயா பேசும்போது எல்லாரும் கை தட்டுங்க! ஒன் மோர்!

— மணி என்ன சார்?

— பாக்காத.

— சொல்லுங்க.

— ஒண்ணு அஞ்சு.

— சரி விடுங்க. அந்தப் பொண்ணுக்கும் யாராவது இருப்பாங்க, ஒரு வைஷாலி மாதிரி. கையெழுத்து போட்டிருக்கும். நல்லா இருக்கட்டும். எனக்கு இது இருக்கு. நாப்பத்தி நாலு, அஞ்சு, நீங்க, அப்புறம் நான். உள்ள போனதும் பதினாலேகால்னே சொல்லிடறேன் சார். எதுக்கும் இருக்கட்டும்.

— சொல்லு.

— என்ன சார், அதுக்குள்ள ஃபைல மூடி வச்சிட்டீங்க?

— முகாம் நல்லபடியா முடிஞ்சுது! எல்லாரும் வரிசையா மொய் எழுதற மேசைக்கு வந்து கையெழுத்து போட்டுட்டு, பிரிஞ்சி சோத்துப் பொட்டலம் வாங்கிகினு கிளம்புங்க! டைம் இல்ல, மண்டபத்துல மூணு மணிக்கு வேற பூஜை கீது!

— முடிஞ்சுதா? என்னங்க இது, நாப்பத்தி மூணுதானே போச்சு? சார்! ஏசுதாஸ் சார்! என் டோக்கன் இன்னும் கூப்பிடல!

— நாளைக்கு மதுராந்தகம் மண்டபம்! காலைல எட்டு மணிக்கு வந்து நில்லுங்க! இன்னிக்கு போட்ட சட்டை வேணாம், வேற கலரு! நீலச் சட்டை, நீ அஞ்சு வாட்டி உள்ள போயிட்ட, நாளைக்கு கண்ணாடி போட்டுகினு வா! மேடம், வாங்க, உங்க பேரு சொல்லுங்க.

— பிரபாவதி. சார், சிறுசேரி பேரோல் இன்டர்வியூ எப்போ நடக்கும்? மதுராந்தகத்துலயா?

— பிரபாவதி... பி... பி... லிஸ்ட்டுல இல்லியே. உங்கள யாரு இட்டாந்தது? ஏஜென்ட்டு ராஜேந்திரன் இட்டாந்த ஆளா?

— என்னை யாரும் கூட்டிட்டு வரல. பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் பாத்துட்டு வந்தேன்.

— போஸ்டர் பாத்தா? வேலைக்கா? நெசமாவே வேலைக்கா?

— பின்ன வேற எதுக்கு வருவாங்க?

— அய்யய்யோ. அண்ணாத்த! இந்தம்மா நெசமாவே வந்துகீறாங்க. உனக்கு தெரியுமா?

— காலையிலயே தெரியும்.

— தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் நம்ம கூலி ஆளுன்னுல்ல நெனச்சேன்!

— எழுந்து போறவங்கள பேசி உக்கார வை, உனக்கு அதான் வேலைன்னு நீதானே தம்பி சொன்ன. நம்ம ஆளா வெளியாளான்னு பிரிச்சு சொல்லலியே.

— பெரியவரே.

— சொல்லும்மா.

— நூத்தம்பது பேரு. உள்ள போனாங்க, வந்தாங்க, ஃபைல் வச்சிருந்தாங்க. இவங்க எல்லாம் யாரு? காலையிலேர்ந்து பறவைன்னீங்க, கல்லுன்னீங்க, செருப்புன்னீங்க. ஒரே ஒரு வார்த்தை, இப்பவாவது நிஜத்தைச் சொல்லுங்க.

— இன்னிக்கு இந்த மண்டபத்துல வேலை இல்லாதவ நீ ஒருத்திதான்மா.